அண்ணி கேட்ட தலைப்பு

வாத்தியாரிடம் ஒரு முறை இருந்தது. அதன் மேல் அவருக்கு அப்படி ஒரு பாசம். கல்யாணம் ஆகியிருந்தால் பெண்டாட்டி பொறாமைப்பட்டிருப்பாள். இலக்கணப் புத்தகத்தை மூடி வை, ஆளுக்கு ஒரு கேள்வியை எடுத்துக்கொள், இன்டர்நெட்டில் போய் ஆங்கிலத்திலேயே தேடு, ஆங்கிலத்திலேயே படி, கிடைத்ததை உன் சொந்த வாக்கியத்தில் எழுது, கடைசி நாளில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல். இவ்வளவுதான் முறை. இப்படிப் படித்தால் கல்லும் ஆங்கிலம் பேசும் என்பார்.

வகுப்பு நூலகத்தின் மாடியில், கம்ப்யூட்டர் அறையில். பகலெல்லாம் எங்கேயோ உழைத்துக் களைத்தவர்கள் சாயங்காலம் படியேறி வருவார்கள். கீபோர்டில் பாதி எழுத்துகள் தேய்ந்துபோயிருக்கும். ஜன்னலோரக் கம்ப்யூட்டர் மட்டும் சொன்ன பேச்சு கேட்காது. அதற்கு முன்னால் உட்காருகிறவர் முதலில் அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும்.

முறை பலித்தது, அதில் பொய்யில்லை. வருஷக்கணக்காகப் புத்தகம் படித்தும் வாய் திறக்காதவர்கள் இவரிடம் வந்து பேசினார்கள். சலூன்காரர் ஒருவர் தலைமுடி ஏன் நரைக்கிறது என்று தேடப் போய், இப்போதெல்லாம் வாடிக்கையாளர் உட்கார்ந்ததும் அதை ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்துவிடுகிறார். கழுத்தில் துணி கட்டியாகிவிட்டது, எழுந்து ஓடவும் முடியாது. அந்தச் சலூன்காரர் அடுத்த பருவத்துக்கும் வந்து சேர்ந்தார். வாத்தியாருக்குப் பெருமை பிடிபடவில்லை.

முறைக்கு விதிகள் உண்டு. ஒரே வார்த்தையில் பதில் வருகிற கேள்வி கூடாது. ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு நம்பக் கூடாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று இடங்களில் அதே விஷயம் இருந்தால்தான் எழுதலாம். கடைசி விதி, வியாதி பற்றிய தலைப்பு கூடவே கூடாது. இந்த விதி முதலில் இல்லை. முந்தைய பருவத்தில் ஒரு சமையல்காரர் முதுகுவலியைத் தலைப்பாக எடுத்தார். கடைசி நாளில் பேசிக்கொண்டே சட்டையைத் தூக்கி வலிக்கும் இடத்தைக் காட்டினார். உடனே வகுப்பில் பாதிப் பேர் ஆளுக்கொரு வலியைக் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பார்க்க வந்திருந்த நூலக நிர்வாகி அம்மாள், "இது வகுப்பா, ஆஸ்பத்திரியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். வாத்தியாருக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றோடு வியாதிக்குத் தடை போட்டார்.

அதற்கு அடுத்த பருவத்தில்தான் அவருடைய அண்ணி வகுப்பில் வந்து சேர்ந்தாள். அண்ணி ஒரு ஹோட்டல் லாண்டரியில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்கப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் மடித்து மடித்து விரல் நுனியெல்லாம் வெளுத்திருக்கும். இத்தனை வருஷமாகக் கூப்பிட்டும் வராதவள் திடீரென்று ஒரு நாள் படியேறி வந்து நின்றதும் வாத்தியார் தன் முறையின் புகழ் வீடு வரை எட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

அவள் ஏன் வந்தாள் என்பது அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது. நமக்கு இப்போதே தெரிந்துவிடட்டும். ஒளித்து வைத்து வேடிக்கை காட்டுகிற விஷயமில்லை இது.

அண்ணன் பஸ் டிரைவர். வாய் ஓயாத மனிதர். டிரைவரோடு பேசாதீர்கள் என்று தலைக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கும். அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டு முன்சீட்டுப் பயணிகளிடம் ஊர்க்கதை அளப்பார். கேட்டால், "பயணி பேசக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. டிரைவர் பேசக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?" என்பார். அந்த அண்ணனுக்கு ஒரு காலையில் தலைவாரும்போது வலது கை செத்துப்போனது போல மரத்து, சீப்பு கீழே விழுந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார், நாக்கு குழறியது. அண்ணி பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவருவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. அண்ணன் சீப்பை எடுத்து மீதித் தலையையும் வாரிக்கொண்டு வேலைக்குப் போனார். சில நாள் கழித்து மறுபடியும் அப்படியே ஆனது. மறுபடியும் தானாகச் சரியானது.

"டாக்டர்கிட்டப் போலாம்" என்றாள் அண்ணி.

"போனா அவன் எழுதுவான். எழுதினா டிப்போவுக்குத் தெரியும். தெரிஞ்சா வண்டிச் சாவியைப் பிடுங்கிடுவானுங்க. அப்புறம் நான் என்ன, உன் பக்கத்துல உக்காந்து தலையணை உறை மடிக்கறதா? ஸ்டீயரிங் பிடிச்சுப் பிடிச்சு நரம்பு இழுத்திருக்கு, அவ்வளவுதான்."

யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். தம்பியிடம் கூடவா என்று கேட்டதற்கு, "அவன்கிட்டத்தான் முக்கியமாச் சொல்லக் கூடாது. வாத்தியார் புத்தி, பாடம் எடுக்க ஆரம்பிச்சுடுவான்" என்றார்.

அண்ணி தன் போனில் தமிழில் தேடிப் பார்த்தாள். ஒருவர் கையை உருவிவிடச் சொன்னார், ஒருவர் பட்டினி கிடக்கச் சொன்னார், இன்னொருவர் இடது பக்கமாகப் படுக்கச் சொன்னார், அந்த வீடியோவை இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கை தூங்குகிறது என்று அடித்துப் பார்த்தாள். தலையணை விளம்பரமாக வந்து குவிந்தது. நாளெல்லாம் பார்க்கிற தலையணை போதாதென்று அதிலுமா என்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். இது பயப்பட வேண்டியதா, இல்லையா. பயப்பட வேண்டியதென்றால் சத்தியத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவதாக இருந்தாள். இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பதாக. அந்தப் பதிலைத் தேடக் கற்றுக்கொள்ளத்தான் கொழுந்தனாரின் வகுப்புக்கு வந்தாள்.

வந்த முதல் நாளே சலூன்காரர் ஆரம்பித்துவிட்டார். "வாத்தியாரோட அண்ணியா? அப்போ இந்தத் தடவை யார் முதல்னு இப்பவே தெரிஞ்சு போச்சு." வகுப்பு சிரித்தது. வாத்தியாரும் சிரித்து வைத்தார், ஆனால் உள்ளே சிரிக்கவில்லை. சொந்தக்காரி என்று சலுகை காட்டினார் என ஒருத்தர் வாயிலும் வந்துவிடக் கூடாது என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிக்கொண்டார். அண்ணியும் அதைப் புரிந்துகொண்டவள் போல வகுப்பில் அவரைத் தம்பி என்று கூப்பிடவே இல்லை. எல்லோரையும் போல சார் என்றாள்.

தலைப்பு கொடுக்கும் நாள் வந்தது. ஒவ்வொருவராகத் தங்கள் கேள்வியை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி வாத்தியார் மேஜைக்குக் கொண்டுவர வேண்டும். அவர் படித்துப் பார்த்து, சரி என்பார் அல்லது மாற்றிக் கொடுப்பார். அண்ணி கடைசி ஆளாக வந்தாள். தாளில் அடித்து அடித்து எழுதியிருந்தாள். ஒரு ஆளுக்குக் கை மரத்துப்போகிறது, பேச்சு குழறுகிறது, கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிறது, இது ஏன்? வாக்கியங்கள் தட்டுத் தடுமாறினாலும் விஷயம் பளிச்சென்று இருந்தது.

வாத்தியார் தாளைப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கம்ப்யூட்டரில் வேலை செய்வது போலக் காதைத் தீட்டிக்கொண்டிருந்த சலூன்காரரைப் பார்த்தார்.

"இது வியாதி" என்றார்.

"வியாதியான்னுதான் சார் தெரியணும்."

"வியாதி தலைப்பு கிடையாதுன்னு முதல் நாளே சொன்னேன்."

"சொன்னீங்க. ஆனா உங்களுக்கு உண்மையிலேயே தெரிஞ்சுக்கணும்னு இருக்கற கேள்வியை எடுங்கன்னும் சொன்னீங்க. எனக்கு இதுதான் சார் தெரிஞ்சுக்கணும்."

"யாருக்காவது இப்படி இருக்கா?" தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் கேட்டார். நிமிர்ந்து பார்த்துக் கேட்டிருந்தால் அவள் முகமே சொல்லியிருக்கும்.

அண்ணி வாயைத் திறந்தாள், மூடினாள். "லாண்டரில ஒருத்தங்க சொன்னாங்க."

"அப்போ அவங்களை டாக்டர்கிட்டப் போகச் சொல்லுங்க."

"போக மாட்டேங்கறாங்களாம் சார்."

"போகாதவங்களுக்கு நாம என்ன பண்ண முடியும்?" என்று சொல்லிவிட்டு, வாத்தியார் அந்தக் கேள்வியை ஒரே கோடாக அடித்தார். அதற்குக் கீழே வேறொன்று எழுதினார். "நீங்க துணியோடவே இருக்கறவங்க. ஜிப் எப்படி வந்ததுன்னு தேடுங்க. யார் கண்டுபிடிச்சது, முதல்ல எதுல வெச்சாங்க, இப்படி. ரொம்ப நல்லா வரும் பாருங்க."

அண்ணி தாளை வாங்கிக்கொண்டு அங்கேயே கொஞ்சம் நின்றாள். பிறகு, "சரிங்க சார்" என்று ஜன்னலோரக் கம்ப்யூட்டருக்குப் போய் அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினாள். "சார் அண்ணின்னும் பாக்கல, ஆட்டுக்குட்டின்னும் பாக்கல" என்று சலூன்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது வாத்தியார் காதில் விழுந்தது. அவருக்கு அன்றைக்கு அது தேனாக இனித்தது. அதை நினைக்கும்போதெல்லாம் பிற்பாடு அவருக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வாத்தியாருக்குச் சாப்பாடு அண்ணன் வீட்டில்தான். தனிக்கட்டை, வாரத்தில் ஒரு நாளாவது உருப்படியாகச் சாப்பிடட்டும் என்று அண்ணி வைத்த ஏற்பாடு. அந்த ஞாயிறு அவர் அடுக்களைப் பக்கம் தண்ணீர் எடுக்கப் போனபோது அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"தம்பி, அந்தத் தலைப்பை மாத்திக்கவே முடியாதா?"

"அண்ணி, வகுப்பு விஷயத்தை வகுப்பிலேயே பேசிக்கலாம். வீட்டுல பேசி மாத்தினேன்னு தெரிஞ்சா என் பேர் என்ன ஆகறது?"

"வகுப்புல எழுத வேணாம். நீங்க ஒரு தடவை தேடிப் பார்த்து என்ன போட்டிருக்குன்னு எனக்குச் சொன்னாக் கூடப் போதும்."

"நான் தேடிச் சொன்னா நீங்க எப்படிக் கத்துப்பீங்க? அதுதானே இந்த முறையே" என்று வாத்தியார் சிரித்தார். அது பெரிய தத்துவம் என்று அவருக்கு எண்ணம். அண்ணி குழாயைத் திறந்துவிட்டாள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அண்ணன் கையிலிருந்து கரண்டி நழுவித் தட்டில் விழுந்தது. அண்ணன் ஒரு கணம் வலது கையையே வெறித்துப் பார்த்துவிட்டு, இடது கையால் அந்தக் கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அண்ணி அண்ணனைப் பார்க்கவில்லை. வாத்தியாரைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். வாத்தியார் அப்போது வகுப்பில் தையல்காரர் ஒருவர் விமானம் பறப்பதை விளக்கிய கதையை ஆரம்பித்திருந்தார். நடுவில் விட மனசில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்த அண்ணன் பிறகு, "பஸ்ஸைத் திருப்பற கைக்குக் கரண்டின்னா ஒரு இளக்காரம்" என்றார். எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் வாத்தியார்.

அதற்கப்புறம் அண்ணி தலைப்பைப் பற்றிப் பேசவில்லை. ஜிப்பைப் பிடித்துக்கொண்டாள். லாண்டரியிலிருந்து நேராக நூலகத்துக்கு வந்து, வகுப்பு தொடங்கும் முன்பே உட்கார்ந்துவிடுவாள். ஒரு பக்கத்தைப் படிக்க ஆரம்பத்தில் ஒரு வகுப்பு முழுக்க ஆகும். போகப் போகச் சரசரவென்று போனாள். முதல் ஜிப் சரியாகவே மூடாது என்பதையும், சட்டைக்கு வருவதற்கு முன்பே அது பூட்ஸுக்கு வந்துவிட்டது என்பதையும் ஒன்றுக்கு மூன்று இடத்தில் பார்த்து உறுதி செய்தாள். வகுப்பிலேயே விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியவள் அவள்தான். வாத்தியார் மற்றவர்களிடம் அவளை உதாரணம் காட்ட ஆசைப்பட்டு, அண்ணி ஆயிற்றே என்று அடக்கிக்கொண்டார்.

கடைசி நாளில் நிர்வாகி அம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் விடுப்பு போட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பக்கமும் இருந்தவர்களிடம், அதோ நிற்கிறதே அது என் பெண்டாட்டி, அந்தப் பக்கம் நிற்கிறானே அவன் என் தம்பி என்று அறிமுகம் செய்துகொண்டிருந்தார். அண்ணி பேசினாள். கையில் ஒரு பழைய ஜாக்கெட், அதில் ஒரு ஜிப். மேலே இழுத்தாள், கீழே இழுத்தாள், எங்கே மாட்டுகிறது என்று காட்டினாள். குரல் முதலில் நடுங்கியது, பிறகு நிலைத்தது. முடிந்ததும் அண்ணன்தான் முதலில் கை தட்டினார். "இனிமே என் பேண்ட்டு ஜிப் மாட்டிக்கிட்டா இங்கிலீஷ்லயே கழட்டிடுவா" என்றார். நிர்வாகி அம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவள் அண்ணியிடம் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டாள். இந்த வகுப்பில் என்ன கற்றுக்கொண்டீர்கள்? அண்ணி யோசித்து, ஆங்கிலத்திலேயே சொன்னாள். தேடக் கற்றுக்கொண்டேன். எனக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. இனிமேல் அதை நானே தேடிக்கொள்வேன். கூட்டம் கை தட்டியது. நிர்வாகி அம்மாள் வாத்தியாரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான சாயங்காலம் வந்ததில்லை. மறுநாள் காலை அந்தச் சந்தோஷம் முடிந்துபோனது.

அண்ணன் டிப்போவில் வண்டியை எடுப்பதற்கு முன்னால், கதவைத் திறந்து படியில் கால் வைத்த இடத்திலேயே சாய்ந்துவிட்டார். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டிப்போவில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வாத்தியாருக்குப் போன் வந்து அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அண்ணி லாண்டரி உடுப்போடு நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் கட்டிலில் கண்ணைத் திறந்துதான் இருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. தம்பியைப் பார்த்ததும் என்னவோ சொல்ல முயன்றார். வெறும் சத்தம்தான் வந்தது. தன் வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு அவரே திடுக்கிட்டுப்போனார்.

டாக்டர் வெளியூர்க்காரர், தமிழ் தெரியாது. இதற்கு முன்னால் ஏதாவது அறிகுறி இருந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார். வாத்தியார் முந்திக்கொண்டார். ஒன்றும் இல்லை, மனிதர் கல்லு மாதிரி இருந்தார், தலைவலி என்று கூடப் படுத்ததில்லை என்றார்.

அண்ணி அவர் கையைத் தொட்டாள். "கொஞ்சம் இருங்க தம்பி."

பிறகு அவளே டாக்டரிடம் ஆங்கிலத்தில் பேசினாள். முதலில் என்ன நடந்தது. எப்போது நடந்தது. எந்தக் கை. பேச்சு எப்படி ஆயிற்று. எவ்வளவு நேரத்தில் சரியானது. அதற்கப்புறம் எத்தனை முறை. ஒன்றன் பின் ஒன்றாக, நடுவில் தடுமாறாமல், வாத்தியார் வகுப்பில் சொல்லிக்கொடுத்த அதே வரிசையில் சொன்னாள். டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார். வாத்தியாரும் கேட்டார். தான் ஒரே கோடாக அடித்த கேள்வி ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வந்தது.

டாக்டர் சொன்னது கடுமையாக இல்லை. கடுமையாக இருந்திருந்தால் தேவலை. அவை எச்சரிக்கைகள், மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் தடைபட்டுத் திரும்பியிருக்கிறது, அப்போதே வந்திருந்தால் மருந்து கொடுத்து இதைத் தடுக்க நல்ல வாய்ப்பு இருந்தது, இனி பேச்சு எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். யாரிடமும் கேட்கவில்லையா என்று ஒரு வார்த்தை கேட்டார். அண்ணி வாத்தியார் பக்கம் திரும்பவே இல்லை. எங்களுக்குத் தெரியவில்லை என்று மட்டும் சொன்னாள்.

வெளியே தாழ்வாரத்தில் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

"என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சத்தியம் வாங்கிட்டாரு. உங்ககிட்ட முக்கியமாச் சொல்லக் கூடாதுன்னு." அண்ணி சட்டை நுனியை மடித்து மடித்துப் பிரித்தாள். "தம்பின்னு சொன்னா சத்தியத்தை மீறினதாயிடும். வாத்தியார்னு கேட்டா அது பாடம்தானே. அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்."

"நீங்களாவது தேடியிருக்கலாமே. அவ்வளவு நல்லாப் படிக்கறீங்க இப்போ."

கேட்ட மாத்திரத்தில் அவருக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. அண்ணி கோபப்படவில்லை.

"தேடணும்னுதான் தம்பி இருந்தேன். ஆரம்பத்துல எனக்குப் படிக்க வரல. படிக்க வந்தப்போ அந்த ஜிப் பாதியில நின்னுச்சு. உங்க அண்ணின்னு எல்லாரும் பாக்கறாங்க. நான் சொதப்பினா உங்களுக்குத்தானே தலைகுனிவு. முதல்ல அதை ஒழுங்கா முடிச்சுடுவோம், அப்புறம் இதைப் பாத்துக்கலாம்னு வெச்சிருந்தேன். நேத்து முடிஞ்சுது. இன்னிக்கு வேலை விட்டதும் நூலகத்துக்குப் போறதா இருந்தேன்."

வாத்தியார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அண்ணி அவர் முதுகில் கை வைத்தாள். ஆறுதல் சொல்ல வேண்டியவர் யார், சொல்லிக்கொண்டிருப்பவர் யார் என்று நினைக்க நினைக்க அவருக்கு இன்னும் கூசியது.

சில நாள் கழித்து வாத்தியார் நூலகத்துக்குப் போனார். வகுப்பு இல்லாத மத்தியானம். கம்ப்யூட்டர் அறையில் ஒருவரும் இல்லை. அண்ணி எழுதிய கேள்வியை அவள் எழுதியபடியே, தவறுகளைக் கூடத் திருத்தாமல் ஆங்கிலத்தில் அடித்தார். அடித்து முடித்த கையோடு பதில் வந்துவிட்டது. முதல் வரியிலேயே இருந்தது. தானாகச் சரியானாலும் சும்மா இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சின்னக் குழந்தைக்கும் புரிகிற ஆங்கிலம். பழக்க தோஷத்தில் இன்னும் இரண்டு இடத்தைத் திறந்து பார்த்தார். மூன்றிலும் அதேதான் இருந்தது. அன்றைக்கு அந்த மேஜையில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி அடித்துப் பார்த்திருந்தால், சலூன்காரர் இன்னொரு ஜோக் அடிப்பதற்குள் எல்லாம் தெரிந்திருக்கும். வாத்தியார் கம்ப்யூட்டரை அணைக்காமலே எழுந்து வந்துவிட்டார்.

சுவரில் ஒட்டியிருந்த விதிகளில் கடைசி விதியைக் கிழித்துப் போட்டார். நல்ல காரியம்தான். அண்ணனுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். நடக்க ஆரம்பித்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு. வலது கை மடங்கியே இருந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. எதைக் கேட்டாலும் ஒரே ஒரு சத்தம். ஆமாம் என்றாலும் அதுதான், இல்லை என்றாலும் அதுதான். பழைய பயணிகள் இரண்டு பேர் பார்க்க வந்து, என்ன பேசுவதென்று தெரியாமல் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போகும்போது அண்ணன் வாசல் வரை தட்டுத் தடுமாறிப் போய், ஏதோ ஒரு பெரிய கதையைச் சொல்ல வந்தவர் போல வாயைத் திறந்து நின்றார். அவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தார்.

ஞாயிறு தோறும் வாத்தியார் வருவது நிற்கவில்லை. இப்போது அவர்தான் பாத்திரம் கழுவுகிறார். அண்ணி வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. அப்படி ஒரு ஞாயிறு, அண்ணி அண்ணனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். வாத்தியார் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். பல நாளாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னார்.

"அடுத்த பருவம் ஆரம்பிக்குது அண்ணி. அந்த விதியை எடுத்துட்டேன். யாரும் எதையும் கேக்கலாம், வியாதியானாலும் சரி. நீங்க அவசியம் வரணும். இங்க வந்து அண்ணனைப் பாத்துக்க நான் ஆள் ஏற்பாடு பண்றேன். நீங்க எந்தக் கேள்வி வேணும்னாலும் எடுத்துக்கோங்க. நான் கூட உக்காந்து தேடறேன்."

அண்ணி கரண்டியை அண்ணன் வாயருகே கொண்டுபோனாள். அவர் வாங்கிக்கொள்ளும் வரை காத்திருந்தாள். வழிந்ததைத் துணியால் துடைத்தாள். அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று வாத்தியார் தேடிப் பார்த்தார். இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஏங்கினார். இல்லை.

"எனக்கு இருந்தது ஒரே ஒரு கேள்விதானே தம்பி" என்றாள். "அதுக்குத்தான் பதில் தெரிஞ்சு போச்சே. இனிமே வந்து நான் என்னத்தைக் கேக்கப் போறேன்?"

அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தம்பியைப் பார்த்து அந்த ஒரே சத்தத்தை எழுப்பினார். மன்னித்துவிட்டேன் என்கிறாரா, எழுந்து போடா என்கிறாரா, சாப்பிட்டாயா என்று கேட்கிறாரா, வாத்தியாருக்குத் தெரியவில்லை. அண்ணி அடுத்த கரண்டியை எடுத்தாள்.